கண்ணை மூடினால் எல்லாம் ஒரே பியரா? ஆரையம்பதியில் ஒரு பந்தயம்

"கண்ணக் கட்டிப்போட்டுத் தந்தாலும் என்ட பியரச் சொல்லுவன் மச்சான்" என்றான் நண்பன். ஆரையம்பதியில் அவனது வீட்டு முற்றத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் தொடங்கிய வாக்குவாதம் அது. அவன் பத்து வருடமாக ஒரே லாகர்தான் குடிக்கிறான். என்னுடையது வேறொன்று. இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. மதுபான விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இலவச விளம்பரம் செய்ய எனக்கு மனமில்லை. தோற்றவர் இறால் வாங்கிச் சமைக்க வேண்டும் என்று பந்தயம் வைத்தோம்.

முறையை நான் தேடிப் பிடித்தேன். அதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையில் உருவாக்கப்பட்டது. மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மட்டும் வேறு. எது நல்லது என்று யாரும் கேட்பதில்லை. வேறானது எது என்பது மட்டுமே கேள்வி. குருட்டுவாக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரிவரும். ஆகவே பத்துச் சுற்றில் ஏழு சரியாக வந்தால்தான் அது அதிர்ஷ்டமல்ல என்று ஓரளவு நம்பலாம். சிறிய மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம் என்று 1908இல் 'ஸ்ருடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கொசெட்டும் கின்னஸ் பியர் ஆலையின் ஊழியர்தான். புள்ளிவிபரவியல் வகுப்பில் தூங்கிய எனக்கு இதை யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

நண்பனின் மைத்துனர் குசினிக்குள் நின்று, நிறம் தெரியாதபடி சில்வர் குவளைகளில் ஊற்றினார். ஒவ்வொன்றிலும் 30 மில்லிலீற்றர். இடையில் தண்ணீரும் கிரீம் கிரேக்கரும். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, இரண்டு நாட்கள்.

முடிவு: நான் பத்தில் நான்கு, அவன் மூன்று. காசைச் சுண்டிப் போட்டதைவிடப் பெரிய வித்தியாசமில்லை.

இது எங்கள் நாக்கின் குறை மட்டுமல்ல. 1964இல் அலிசன், ஊல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதேபோல் லேபலை உரித்துவிட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். வழக்கமாகக் குடிப்பவர்களாலேயே தங்கள் பியரைப் பிரித்தறிய முடியவில்லை. லேபலை ஒட்டிக் கொடுத்ததும் ஒவ்வொருவரும் தம்முடையதற்கே கூடுதல் புள்ளி போட்டார்கள். லாகர் என்பதே ஒரேமாதிரி இருப்பதற்காகச் செய்யப்படும் பானம். 1883இல் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் தனி ஒரு வகை ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்த பிறகு, ஒவ்வொரு தடவையும் அதே சுவையை எடுப்பது சாத்தியமானது. தவறணைக் கள்ளு அப்படியில்லை. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டே அதைப் புளிக்கவைக்கிறது. காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் வேறு கள்ளு.

தோல்வியை ஒப்புக்கொள்ளாத நண்பன், "வெயில்ல வெச்ச போத்தல் எண்டால் கட்டாயம் கண்டுபிடிப்பன்" என்றான். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பச்சைப் போத்தல்களில் ஒன்றை அரை நாள் முற்றத்து வெயிலில் வைத்து, பிறகு குளிரூட்டினோம். ஐந்து சுற்றிலும் இருவரும் சரியாகச் சொன்னோம். பியருக்குக் கசப்பைத் தருவது ஹொப்ஸ் பூ. அந்தக் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, நாறும் ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகிறது. அணுவளவு இருந்தாலே மூக்குக் கண்டுபிடித்துவிடும். கபிலநிறப் போத்தல் வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் போத்தல் அவ்வளவாகத் தடுக்காது, டின்னுக்குள் வெளிச்சமே போகாது. எங்கள் பக்கத்து வெயிலில், கடை வாசலில் அடுக்கிய பச்சைப் போத்தலை வாங்குவதற்கு முன் யோசிக்கலாம்.

மூன்றாம் நாள் அவன் புதிதாக இரண்டு 'ஸ்ட்ரோங்' பியர் கொண்டுவந்தான். லாகரோடு கலந்து வைத்தபோது, எந்தக் குவளையில் ஸ்ட்ரோங் என்று ஒரு தடவைகூடத் தவறவில்லை. இனிப்பு, தொண்டையில் ஒரு சூடு. "இதுதான் மச்சான் திறம்" என்றான்.

லேபலைத் திருப்பிப் பார்த்தேன். 8.8 சதவீதம். எங்கள் லாகர் 4.8. ஸ்ட்ரோங் 625 மில்லிலீற்றர் போத்தலில் 55 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம் இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயத்தில் அதே அளவு வேண்டுமென்றால் சுமார் 164 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும்.

நண்பன் சாராயத்தை விட்டு இரண்டு வருடம். டொக்டர் சொல்லித்தான் விட்டான். "இப்ப பியர் மட்டும்தான்" என்று வீட்டிலும் பெருமையாகச் சொல்லுவான், மனைவியும் அதை நம்பி நிம்மதியாக இருந்தார். அந்த 'பியர் மட்டும்' இரவுக்கு இரண்டு ஸ்ட்ரோங் ஆகி எத்தனை மாதமோ. கைப்பேசியை வாங்கித் தானே பெருக்கிப் பார்த்தான். 328 மில்லிலீற்றர். அரைப் போத்தல் சாராயத்துக்குச் சற்றே குறைவு.

"மறுகா நான் எதை விட்டனான்?" என்று கேட்டான். மைத்துனர் பேசாமல் குவளைகளைக் கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இறால் கறி வைத்தான். ஒரு புள்ளியில் தோற்றவன் அவன்தானே. மேசையில் ஒரேயொரு லாகர் இருந்தது. ஆளுக்குப் பாதி ஊற்றினான். அது யாருடைய பியர் என்று நான் கேட்கவில்லை.