வீட்டிற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளியாலும் காற்றாலும் பெறும் முறை

சில ஆண்டுகளாகக் கிராமங்களிலும் மெத்தை வீடுகளின்மேல் சூரியத் தகடுகள் பரப்பப்பட்டு வருகின்றன. இவற்றைப் பொருத்திய குடியானவர்களிற் சிலர், ஊரில் மின்சாரம் நின்ற மாத்திரத்தில் தம் வீட்டு விளக்கும் அணைந்துபோவதைக் கண்டு, தகடு பழுதென்று வியாபாரியைக் குறை கூறுகின்றனர். தகட்டிற் பழுது ஒன்றுமில்லை. அவர்கள் வாங்கிய ஏற்பாட்டின் இயல்பே அது. பணம் கொடுக்குமுன் இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

சோலார் பேனல் என்று வழங்கும் தகடானது சிலிகான் வில்லைகளைக் கண்ணாடிக்கடியில் வரிசையாகக் கோத்துச் செய்யப்படுவது. ஒளி வில்லையின்மேற் படும்போது அதனுள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் நகர, மின்னோட்டம் உண்டாகிறது. இங்கே வேலை செய்வது ஒளியேயன்றிச் சூடு அன்று. சூடு மிகுந்தால் மின்சாரம் குறையவே செய்யும். ஆகையால் தகட்டைத் தளத்தோடு ஒட்டிவைக்காமல், அடியிற் காற்றோட இடம் விடவேண்டும். 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையார் செய்த சிலிகான் வில்லை, தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக மாற்றிற்று. இக்காலத்துத் தகடுகள் 20 பங்கிற்கு மேல் மாற்றுகின்றன.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகட்டிற்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இதிற் பாதிகூடக் கிடையாது. தகடு தெற்கு நோக்கிச் சிறிது சாய்ந்திருக்கவேண்டும். நிழல் விஷயத்தில் மிக்க ஜாக்கிரதை தேவை. வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்கு நீர் குறைவதுபோல, ஒரு தென்னை மட்டையின் நிழலும் அவ்வரிசை முழுவதன் விளைவையும் வெகுவாகக் குறைத்துவிடும்.

தகட்டிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுச் சாதனங்களுக்கேற்ப அதை மாற்றித் தருவது இன்வர்ட்டர். இதில் இரு வகை உண்டு. முதல்வகை ஊர் மின்கம்பியோடு இணைந்தது. பகலில் வீட்டுச் செலவு போக மிஞ்சியது வெளியே செல்லும். இருவழி மீட்டர் அதைக் கணக்கிடும். ஊர்க் கம்பியில் மின்சாரம் நின்றால் இவ்வகை இன்வர்ட்டரும் உடனே நின்றுவிடும். நிற்காவிடில், வெறுங்கம்பி என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரை நமது வீட்டு மின்சாரமே தாக்கும். ஆகவே இது நிற்பது குற்றமன்று. ஜெனரேட்டரை மாற்றுச் சுவிட்ச் இன்றி வீட்டுக் கம்பியிற் சேர்ப்பதிலும் இதே அபாயம் உண்டென்பதைக் கிராம அதிகாரிகள் ஊராருக்கு எடுத்துரைக்கவேண்டும்.

இரண்டாம்வகை பாட்டரியில் மின்சாரத்தைச் சேமித்து இரவிலும் தருவது. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலுக்குப்பின் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் பல நாள் இருளில் இருந்தன. அத்தகைய நாளை எண்ணுவோர்க்கு இதுவே தக்கது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் இன்வர்ட்டரும் உண்டு. ஆயினும் 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் தொடங்கிய வீட்டுக்கூரைத் திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை விதிக்கப்பட்ட மானியம் ஊர்க் கம்பியோடு இணைந்த ஏற்பாட்டிற்கே உரியது. மானியம் ஒன்றையே பார்த்து வாங்கியவர்களே பெரும்பாலும் இரவில் ஏமாற்றமடைகின்றனர்.

பாட்டரியின் அளவைக் கணக்கிட்டே தீர்மானிக்கவேண்டும். 9 வாட் பல்பு நான்கு 5 மணி நேரம் எரிய 180 வாட்மணி ஆகும். 75 வாட் மின்விசிறி இரண்டு 10 மணி நேரம் சுழல 1,500. ஆக 1,680. இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 1,900-க்கு மேற்போகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ஈயப் பாட்டரி ஒன்றிற் கொள்வது 1,800. ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் சுருங்குமாதலால் கைக்கு வருவது 900 மட்டுமே. எனவே இரண்டு பாட்டரியும் சற்றுப் போதா. பழைய விசிறிகளை நீக்கி 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிகளை மாட்டினாலோ, மொத்தச் செலவு சுமார் 900 ஆகி, ஒரே பாட்டரி போதும். பாட்டரி வாங்குமுன் விசிறி வாங்குவது லாபம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

காற்றாடியைப் பற்றி வியாபாரிகள் கூறுவதை அப்படியே கொள்ளலாகாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் சக்தி எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகும். ஆறரை அடிக் குறுக்களவுள்ள காற்றாடி, வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் சுமார் 120 வாட் தரும். 3 மீட்டர் காற்றிலோ 15 வாட்தான். மரமும் வீடும் சூழ்ந்த இடத்தில் காற்று வலுவிழந்து சுழலுமாதலால், அருகிலுள்ள எதற்கும் 30 அடியாவது மேலே காற்றாடி நிற்கவேண்டும். கோபுரச் செலவு காற்றாடியின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களை அடுத்த வெட்டவெளியில், வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றிற்கு இது தகும். மழைமேகம் தகட்டை மறைக்கும் நாட்களில் அங்கே காற்று ஓரளவு ஈடுசெய்வதும் உண்டு. தென்னந்தோப்பின் நடுவிலுள்ள வீட்டிற்கு இது வீண் செலவே.

தகட்டின்மேற் படியும் தூசியை, வெயில் ஏறுமுன் நல்ல நீரால் கழுவவேண்டும். உப்புக் கிணற்று நீர் கண்ணாடியிற் கறை விடும். கடலோர மாவட்டங்களில் தாங்குகால்களைத் தளத்தின் காங்கிரீட்டோடு போல்ட்டு வைத்து இறுக்கி, ஆவணியிலேயே ஒருமுறை சோதித்துவைப்பது அவசியம். செங்கல்லைப் பாரம் வைத்து நிறுத்திய தகடு புயலில் நில்லாது.