கீச்சிடும் பிரேக்கும் ஊமைப் பிரேக்கும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். இரவு முழுக்க வாசலில் நின்ற காரைக் காலையில் எடுத்து, தெருமுனையில் முதல் பிரேக்கை மிதித்ததும் ‘கர்ர்’ என்று ஓர் உரசல். நாலைந்து முறை பிரேக் போட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுவதற்குள் அது காணாமல் போய்விடும். இதற்காக மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேடு உரசும் இடம் என்பதால் அதற்குப் பெயின்ட் அடித்துக் காக்கவும் முடியாது. கடல் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், உப்புக்காற்று வந்துசேரும் தூரத்தில்தான் லாஸ்பேட்டை இருக்கிறது. ஒரே இரவில் டிஸ்கின்மேல் மெல்லிய துரு படியும், காலையில் பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

பலருக்குக் குழப்பம் தொடங்குவது இங்கேதான். சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறோம். பிரேக் விஷயத்தில் இந்தக் கணக்கு சரிவராது. காதைக் கிழிக்கும் கீச்சொலி வெறும் தூசியால் வந்திருக்கலாம். சத்தமே இல்லாத சக்கரத்தில் பேடு ஒருபக்கமாகத் தேய்ந்து கடைசி மில்லிமீட்டருக்கு வந்திருக்கலாம். எவ்வளவு சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கீச்சொலி எப்படிப் பிறக்கிறது? ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தொடங்குவதற்கு, நகர்ந்துகொண்டிருப்பதை நகர்த்துவதைவிடக் கூடுதல் விசை வேண்டும். உராய்வின் இந்தக் குணத்தை விரிவாக அளந்து எழுதியவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம். அந்த ஆய்வுக்காக 1781-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு பெற்றார். டிஸ்கின்மேல் அழுந்தும் பேடு ஒரு கணம் ஒட்டும், மறுகணம் வழுக்கும், மீண்டும் ஒட்டும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும்போது பேடு, அதை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர், டிஸ்க் எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன. வயலின் தந்தியில் வில் ஒலியெழுப்புவதும் இதே முறையில்தான். பிரேக்கின் கீச்சொலி பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சின்ன அதிர்வுகூட நமக்குப் பொறுக்க முடியாததாகத் தோன்றுவது அதனால்தான்.

இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கோடு கூடவே பிறந்தது. 1902-இல் இங்கிலாந்தின் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உரசியதில் எழுந்த அலறல் ஓட்டுநர்களை விரட்டியது. 1907-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் பேடுகளின்மேல் ஆஸ்பெஸ்டாஸ் பூச்சு கொடுத்து அதை அடக்கினார். டிரம் பிரேக்கோ பிரான்சின் லூயி ரெனோ பெயரோடு, அதே 1902-ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேசப்படுகிறது. நம் அம்பாசடரில் பல காலம் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். அதற்குப் பின்வந்த சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இனி காரிடம் வருவோம். முதலில் அது பிரேக் சத்தம்தானா? வண்டி நின்றபடி இருக்க, இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே கிறீச்சென்றால் பிரேக்கின்மேல் பழி போடாதீர்கள். அது பெரும்பாலும் ஃபேன் பெல்ட். ஓடும் பெல்ட்டுக்கு எட்டத்தில் நின்று, கை போகாமல், அதன் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் சற்று நேரம் அடங்கவோ கூடவோ செய்யும். பெல்ட் பழையதா, தளர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் ‘கிரீக்’ என்றால் அது சஸ்பென்ஷன் புஷ். லாஸ்பேட்டைத் தெருக்களில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை என்பதால் சோதிப்பது சுலபம். வேகம் கூடக் கூட ‘ம்ம்ம்’ என்று முனகி, வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட்.

பிரேக்கேதான் என்று ஆனபின் இன்னொரு கேள்வி: மிதித்தால் சத்தம் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? ஓடும்போது மெல்லக் கீச்சிட்டு, பெடலை மிதித்தால் மாறியோ நின்றோ போனால், பெரும்பாலும் பேடில் உள்ள எஃகுத் தகடு பேசுகிறது. பேடு தேய்ந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் டிஸ்க்கைத் தொட்டுச் சத்தமிடுவதற்கென்றே வைத்த தகடு அது. புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மலிவான மாற்றுப் பேடுகள் பலவற்றில் இந்தத் தகடே இருப்பதில்லை. நூறு, இருநூறு ரூபாயை மிச்சம் பிடித்து, காரின் வாயை அடைத்துவிடுகிறோம். மிதிக்கும்போது மட்டும் கூர்மையாகக் கீச்சிட்டால் தூசி படிந்திருக்கலாம், அல்லது சூட்டில் பேடின் மேற்பரப்பு வழவழத்துப் பளபளத்திருக்கலாம். மெக்கானிக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் பார்ப்பார். மிதித்ததும் ‘கரகர’ என்று அரைத்து, பெடல் காலில் அதிர்ந்தால் யோசிக்க நேரமில்லை. பேடு முழுக்கத் தேய்ந்து, பின்னாலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கை உழுகிறது. அதற்குமேல் ஓட்டினால் டிஸ்க்கும் போகும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டியும் நிற்காது.

சத்தமே போடாத கோளாறுகள்தான் எனக்குப் பெரிய கவலை. காலிப்பர் இடமும் வலமும் நகர்வதற்கு ஸ்லைடு பின்கள் உண்டு. அவற்றின் ரப்பர் உறை கிழிந்து கடற்காற்றின் ஈரம் உள்ளே போனால், கிரீஸ் காய்ந்து, துரு பிடித்து, பின் இறுகிவிடும். பிறகு உள்பக்கப் பேடு மட்டும் தேயும். சக்கரத்தின் வெளியே குனிந்து பார்ப்பவருக்குத் தெரிவதோ வெளிப்பக்கப் பேடு, நன்றாகத்தான் இருக்கும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் அனலடிக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். விரலால் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

பின் சக்கர டிரம் இன்னும் மறைவானது. கழற்றாமல், உள்ளே பேடின் வேலையைச் செய்யும் லைனர் தெரியாது. ஹேண்ட் பிரேக் முன்பைவிட உயரமாக இழுபடுவதும், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல இறங்குவதும் அதன் குறிப்புகள். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் ஆயில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. திடீரென இறங்கினால் கசிவு. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது பிரேக் ஆயிலின் குணம். டாட் 3 வகைக்குப் புதிதில் 205 டிகிரி கொதிநிலை என்பது தரம். ஈரம் கலந்தபின் 140 வரை இறங்கலாம். புதுச்சேரி போன்ற ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வீண் செலவல்ல.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அப்படிச் சக்கரம் மூழ்க நின்ற கார்களில் சேறு டிரம்முக்குள் போய் உட்காரும். வடிந்தபின் கழற்றிக் கழுவாமல் ஓட்டக் கூடாது. ஊருக்குப் போகும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனாலும் ஈரத்தில், லைனரைத் தாங்கும் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, டயருக்குக் கட்டை கொடுப்பது மேல்.

சத்தத்தை நிறுத்த பேடிலோ டிஸ்கிலோ எண்ணெய் தெளிக்கும் ‘வைத்தியம்’ மட்டும் வேண்டாம். சத்தம் போகும், பிரேக்கும் போகும். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்லாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அது நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. ஈரத் துணியால் துடைப்பது போதும். நல்ல பேடுக்கு அலைய வேண்டியதும் இல்லை. 1962-இல் தொடங்கிய, பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியாவும், 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங்கும் சென்னைக்காரர்கள்தான்.

பேடு மாற்றும்போது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய பழைய பேடுகளைக் குப்பையில் போடுவதற்குமுன் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே தடிமனில் இல்லையென்றால், ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் புதுப் பேடும் அதே பக்கம்தான் தேயும்.