மீன் கம்மி... ஆனா பிள்ளைக்குப் பயமில்லை!

கரீபியன் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான செயின்ட் தாமஸ் தீவு. உல்லாசக் கப்பல் அங்கே நிற்பது சில மணி நேரம்தான். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்க்கப் பொடிசுகளோடு இறங்குவோர், "எந்தக் கடற்கரைக்குப் போறது?" என்று விழிக்கிறார்கள்.

"கோக்கி"யில் கரையோரமே கலர் கலராக மீன் மொய்க்கும். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே சின்னக் கால்களுக்குத் தரை எட்டாது! "மேகன்ஸ் பே"யில் அலை சாது. மணல் தரை, ஆழம் குறைவு, உயிர்காப்பாளரும் உண்டு. மீன்தான் கம்மி. பிள்ளை சிணுங்கினால் சிணுங்கட்டுமே!

பக்கத்துத் தீவான செயின்ட் ஜானின் "டிரங்க் பே"யில் தண்ணீருக்கடியிலேயே விளக்கப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் படகேறிப் போகணும். திரும்ப லேட்டானால்? கப்பல் கிளம்பிடும்!

வெயில் கிரீம் விஷயத்திலும் உஷார். பவழத்தைக் கெடுக்கும் சில ரசாயனங்கள் கலந்ததற்கு 2020 முதல் அங்கே தடை.