லேசுப்பட்ட சொல்லா?

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஒரு வியாபாரி “லேசாயிருக்கே” என்று இழுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். குவியலில் கை விட்டு நாலு கூட்டை அள்ளுவார், ஒன்றை விரலால் அமுக்கிப் பார்ப்பார். அமுங்கினால் ஓடு மெலிசு, நூல் குறைவு. நல்ல கூடே ஏறக்குறைய 2 கிராம்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பட்டு. மீதியெல்லாம் உள்ளே கிடக்கும் புழு. அந்தத் துளி ஓட்டிலிருந்துதான் சுமார் 1,000 மீட்டர் நூல் பிரிகிறது. விட்டுவைக்கவும் முடியாது. நாளுக்கு நாள் எடை இறங்கும், அப்புறம் அந்துப்பூச்சி ஓட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் தொழிலில் லேசு என்பது வசவு.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்குப் போனால் அதே சொல் பாராட்டு. பரிசல் வெறும் மூங்கில் பின்னல். அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். அடி தட்டை என்பதால் பாறை மேல் கொஞ்சம் தண்ணீர் ஓடினாலும் மிதந்து கடந்துவிடும். கரையேறியதும் பரிசல் ஓட்டி அதைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பார்.

‘லேசு’ வடமொழி ‘லேச’த்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சிறு துளி என்று பொருள், எடைப் பேச்சே இல்லை. “லேசாத் தலை வலிக்குது”, “லேசா உப்புப் போடு” என்னும்போது அந்தத் துளியைத்தான் சொல்கிறோம். எடை குறைவைச் சொல்ல வந்தது ‘லகு’, நம் வாயில் ‘இலகு’. இலங்கைத் தமிழர் ‘இலகுவாகச் செய்யலாம்’ என்று வீட்டிலேயே பேசுவார்கள். நான் இங்கே பேசினால் மேடையேறிவிட்டாள் என்பார்கள். தமிழின் சொந்தச் சொல் நொய்ம்மை. அது ஏட்டோடு நின்றுவிட்டாலும், குருணை அரிசியை ‘நொய்’ என்று சொல்லிக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு அந்நியமில்லை.

ஆட்களைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல். “மனசு லேசாச்சு” என்றால் நிம்மதி, “என்னை லேசா நினைச்சிட்டியா?” என்றால் சண்டை. எதிரே நிற்கும் ‘கனம்’ செய்கிற வேலை இது. கனம் எடை மட்டுமல்ல, மதிப்பும்கூட; ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்று நீதிபதியை விளித்தது அதனால்தான். மதிப்பு கனமென்றால் லேசு அவமதிப்பாகத்தானே ஆகும்?

இதில் எங்கள் அத்தை கெட்டிக்காரி. “அவன் லேசுப்பட்ட ஆளில்லை” என்பதைப் பாராட்டு, எச்சரிக்கை இரண்டுக்கும் ஒரே குரலில் சொல்வார். என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அதையேதான் சொன்னார். எந்த அர்த்தத்தில் என்று யாரும் கேட்கவில்லை, கல்யாணமும் நடந்துவிட்டது.