கம்யூனிட்டி காலேஜில் சேர என்ன வேணும்?

போன தடவை இதே பலகையில் கொசு ஒழிப்பு பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தால் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பத்தாவது அண்ணன்கள், அக்காக்கள் கட்டாயம் படிக்கவும்.

எங்க அக்கா பத்தாவதில் கணக்கில் 29 மார்க். பாஸ் மார்க் 35. மற்ற நாலு பாடமும் பாஸ், இந்த ஆறு மார்க்கில்தான் எல்லாம் போச்சு. திரும்ப எழுதச் சொன்னதுக்கு அழுதுகொண்டே மாட்டேன்னுட்டா. இரண்டு வருஷமா சிங்காரத்தோப்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றுதான் சொல்லணும், அங்கே உட்காரவே விடமாட்டாங்களாம். ராத்திரி வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு நோட்டீஸ் பார்த்தாள். "கம்யூனிட்டி காலேஜ், ஹெல்த் அசிஸ்டெண்ட் ஒரு வருடப் படிப்பு, பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது பெயில்" என்று போட்டிருந்தது. வீட்டில் வந்து சொன்னதும் அப்பா, "நம்ம கம்யூனிட்டிக்குத் தனியா காலேஜ் இருக்கா?" என்று கேட்டார். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ், அதனால் கம்யூனிட்டி காலேஜ் என்றால் சாதிக் காலேஜ் என்று நினைத்துவிட்டார். சிரிக்காதீங்க, நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் எங்க டீச்சரிடம் கேட்டபோதுதான் இதைத் தமிழில் சமுதாயக் கல்லூரி என்று சொல்வார்கள், சாதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது.

நம் நாட்டில் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம், 1996-இல், சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் வந்தது. படிப்பை நடுவில் விட்டவர்கள், ஏழைகள், பெண்கள் ஆகியோர் கைத்தொழில் கற்று வேலைக்குப் போகணும் என்பதுதான் நோக்கம். அதனால் வகுப்பில் பாடம் மட்டும் இல்லை. பேசப் பழகுவது, கம்ப்யூட்டர், தொழில், பிறகு ஆஸ்பத்திரியிலோ பட்டறையிலோ நேரில் பயிற்சி என்று எல்லாம் உண்டு. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, பல சமுதாயக் கல்லூரிகள் அதன் அங்கீகாரத்தில் டிப்ளமோ கொடுத்தன.

அமெரிக்காவில் இது இன்னும் பழசு. ஜோலியட் என்ற ஊரில் 1901-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு பெரிய யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேரலாமாம். கலிபோர்னியாவில் 18 வயது முடிந்து, படித்தால் பயன்படும் என்கிற நிலையில் இருக்கிற யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்கூல் முடித்த சான்றிதழ்கூடக் கட்டாயம் இல்லை.

இங்கே என்ன விதி? எல்லாத்துக்கும் ஒரே விதி இல்லை என்பதுதான் முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களில் படிப்பைப் பொறுத்து எட்டாவது, பத்தாவது என்று கேட்பார்கள். ஆனால் யு.ஜி.சி. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தில், பெரிய கல்லூரிகளுக்குள்ளேயே நடத்தச் சொல்லி ஒரு சமுதாயக் கல்லூரித் திட்டம் கொண்டு வந்தது. அதில் சேர +2 பாஸ் பண்ணியிருக்கணும், வயது மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். பேர் ஒன்றுதான், வாசல் வேற வேற. அதனால் "கம்யூனிட்டி காலேஜ்" என்று போர்டு பார்த்ததும் உள்ளே போயிடாமல், சர்டிபிகேட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று கேட்கணும்.

கொண்டு போக வேண்டியவை: மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், போட்டோ. பத்தாவது பெயில் ஆனாலும் மார்க் ஷீட் உண்டு, அதைக் கிழித்துப் போட்டுடாதீங்க. (எங்க அக்கா கிழிக்கப் போனாள், அம்மா பிடுங்கி அரிசி டின்னில் வைத்தாங்க.) அஞ்சாவது, எட்டாவதோடு நின்றவர்களுக்கு யூனியன் பள்ளிகளில் டி.சி.க்குப் பதில் பதிவுத்தாள் என்று ஒன்று கொடுப்பார்கள். அதிலுள்ள பிறந்த தேதிதான் பிறகு எல்லா இடத்திலும் போகும். எங்க அக்காவுக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால். இதுக்கே இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தாள், கடையில் சம்பளம் பிடித்தார்கள். உங்க பெயரை இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

அந்த நோட்டீஸ் போட்ட இடத்துக்கு நானும் அக்காவும் போனோம். அங்கே இருந்தவர் பேசினதெல்லாம் இனிமையா இருந்தது. "ஒரிஜினல் எல்லாம் இங்கேயே வச்சுட்டுப் போங்க, கோர்ஸ் முடிஞ்சதும் தருவோம்" என்றார். முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம் என்றும் சொன்னார். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் கேட்டேன். "சின்னப் பொண்ணு நீ பேசாம இரு" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டுமே தப்பு என்று டீச்சர் சொன்னார்கள். ஒரிஜினலை வாங்கிச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரணும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் கல்லூரிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. அப்புறம், ஸ்டாஃப் நர்ஸ் ஆக +2 முடித்து மூன்று வருஷ ஜி.என்.எம். அல்லது நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யணும். ஒரு வருஷ டிப்ளமோ படித்தால் உதவியாளர் வேலைக்குப் போகலாம். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அது வேற, இது வேற.

இன்னொன்று. 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், டிகிரியே படிக்காமல் திறந்தநிலை முறையில் நேரா வாங்கின எம்.ஏ. பட்டம் செல்லாது என்றது. அதே வருஷம் தமிழக அரசும், பத்தாவது, +2 வரிசையாக முடித்த பிறகு வாங்கின பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று ஆணை போட்டது. கணக்கு பேப்பரைத் தாண்டிக் குதிச்சு மேலே எவ்வளவு படித்தாலும், அரசு வேலை என்று வரும்போது அந்த 29 மார்க் வாசலில் வந்து நிற்கும். இதை நோட்டீஸில் யாரும் போடுவதில்லை. எனக்கு இதுதான் கோபம்.

ஐ.டி.ஐ. பற்றியும் சொல்லணும். நம்ம ஊருக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர், வயர்மேன் மாதிரி சில தொழிலுக்கு எட்டாவது பாஸ் போதும். 14 வயது ஆகியிருக்கணும், பெண்களுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் ஐ.டி.ஐ.யையும் சேர்த்தார்கள், ஆனால் தொலைதூர, திறந்தநிலைப் படிப்புக்கு இல்லை என்றார்கள். எட்டாவது பாஸ் என்பதால் அக்காவும் ஐ.டி.ஐ.யில் சேரலாம். வெல்டர் ஆகிறாயா என்று கேட்டேன். முறைத்தாள்.

கடைசியில் வீட்டில் முடிவானது இது. கணக்கை மட்டும் தனித்தேர்வராக எழுதுவது. எல்லாப் பாடமும் எழுத வேண்டாம், பெயிலானதை மட்டும் எழுதினால் போதும் என்று அக்காவுக்கு இரண்டு வருஷமாகத் தெரியவே இல்லை! யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பாஸ் ஆனதும், பல்கலைக்கழகத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்கிற ஒரு சமுதாயக் கல்லூரியில் ஹெல்த் அசிஸ்டெண்ட் படிப்பாள். "மறுபடியும் பெயிலானா?" என்று அம்மா கேட்டாங்க. "அப்பவும் அந்தக் காலேஜ் வாசல் திறந்துதான் இருக்கும்மா" என்று அக்கா சொன்னாள்.

இப்போ ராத்திரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறாள். வரைபடமும் வடிவியலும் நான் சொல்லித் தருகிறேன், ஏன்னா அந்த இரண்டும் எனக்கு நல்லா வரும். இயற்கணிதம் எங்க இரண்டு பேருக்குமே தகராறு. பத்தாவது படிக்கிற யாராவது சாயங்காலம் மன்னார்புரம் பக்கம் வந்து சொல்லித் தர முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள். அம்மா டீ போட்டுத் தருவாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி