1975–76 ஏ. பி. ஏ. கூடைப்பந்தாட்டப் பருவம்

1975–76 ஏ. பி. ஏ. பருவம் என்பது அமெரிக்கன் பாஸ்கெட்பால் அசோசியேஷன் (சுருக்கமாக ஏ. பி. ஏ.) என்ற தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் ஒன்பதாவதும் இறுதியானதுமான போட்டிப் பருவமாகும். பத்து அணிகளுடன் அறிவிக்கப்பட்ட இப்பருவம் ஏழு அணிகளுடன் நிறைவுற்றது. இறுதிச் சுற்றில் நியூ யார்க் நெட்ஸ் அணி டென்வர் நகெட்ஸ் அணியை 4–2 என்ற கணக்கில் வென்று தனது இரண்டாவது கோப்பையைப் பெற்றது. அடுத்த மாதமே சங்கம் கலைக்கப்பட்டு, அதன் நான்கு அணிகள் போட்டிச் சங்கமான என். பி. ஏ.வில் சேர்ந்தன.

பின்னணி

ஏ. பி. ஏ. 1967ஆம் ஆண்டு, அதனினும் இருபது ஆண்டுகள் மூத்த என். பி. ஏ.வுக்குப் போட்டியாகத் தொடங்கப்பட்டது. என். பி. ஏ. அணிகள் இல்லாத நடுத்தர நகரங்களையே அது பெரும்பாலும் நம்பியிருந்தது. சில அணிகள் ஒரு நகரத்துக்கு என்றில்லாமல் ஒரு வட்டாரத்துக்கே உரியனவாக இருந்தன. வர்ஜீனியா ஸ்குவையர்ஸ் அணி நார்ஃபோக், ஹாம்ப்டன், ரிச்மண்ட் என மாநிலத்தின் பல நகரங்களில் மாறி மாறி விளையாடியது.

சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்கள் கொண்ட பந்தும், தொலைவிலிருந்து எறியும் பந்துக்கு மூன்று புள்ளிகள் என்ற விதியும் இச்சங்கத்தின் அடையாளங்களாகும். இவ்விதி ஏ. பி. ஏ.வின் கண்டுபிடிப்பு அன்று. 1961இல் தொடங்கிக் குறுகிய காலத்தில் மறைந்த வேறொரு சங்கம் அதனை முன்பே கையாண்டிருந்தது. எனினும் அதனை மக்களிடம் நிலைபெறச் செய்தது ஏ. பி. ஏ. ஆகும்.

இரு சங்கங்களும் ஒரே வீரர்களுக்காகப் போட்டியிட்டதால் வீரர்களின் சம்பளம் உயர்ந்தது. உரிமையாளர்கள் இணைப்பை விரும்பினர். இணைப்பு நடந்தால் தங்கள் பேரம் பேசும் வலிமை குன்றும் எனக் கருதிய என். பி. ஏ. வீரர்கள், தங்கள் சங்கத்தின் தலைவர் ஆஸ்கார் ராபர்ட்சன் பெயரில் 1970இல் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கு இணைப்பை ஆறு ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது. இதற்கிடையில், 1975இல் டென்வர், நியூ யார்க் ஆகிய இரு அணிகளும் என். பி. ஏ.வில் சேரத் தனியாக விண்ணப்பித்தன. அம்முயற்சி கைகூடாததால் மேலும் ஒரு பருவம் ஏ. பி. ஏ.விலேயே ஆட வேண்டியதாயிற்று. ஆகவே சங்கத்தின் மிக வலிய இரு அணிகளும் வெளியேறும் எண்ணத்துடனேயே இப்பருவத்தைத் தொடங்கின எனலாம்.

கலைந்த அணிகள்

முதலில் மறைந்தது பால்டிமோர் கிளாஸ் ஆகும். மெம்பிசிலிருந்து பால்டிமோருக்கு மாற்றப்பட்ட இவ்வணி, கென்டகி கர்னல்ஸ் அணியிலிருந்து டான் இசலை விலைக்கு வாங்கியது. ஆனால் அதற்குரிய பணத்தைச் செலுத்த இயலவில்லை. இசல் டென்வருக்குச் சென்றார். பால்டிமோர் அணி பயிற்சி ஆட்டங்கள் சிலவற்றில் மட்டும் கலந்துகொண்டு, பருவத்தின் முதல் ஆட்டத்தைக் காணாமலேயே 1975 அக்டோபரில் கலைக்கப்பட்டது. முந்தைய பருவத்தில் கோப்பையை வென்ற கென்டகி அணியின் முதன்மை வீரர் ஒருவர் இவ்வாறு டென்வருக்குக் கிடைத்தது, பின்னர் நிகழ்ந்த பலவற்றையும் தீர்மானித்தது.

சான் டியேகோ செயில்ஸ் பதினொரு ஆட்டங்கள் மட்டுமே ஆடியது (3 வெற்றி, 8 தோல்வி). இணைப்பு நடந்தாலும் தமக்கு இடம் கிடைக்காது என்று அறிந்த உரிமையாளர் நவம்பரில் அணியைக் கலைத்தார். 1971இல் கோப்பையை வென்றிருந்த யூட்டா ஸ்டார்ஸ் பதினாறு ஆட்டங்களுக்குப் பின் (4–12) டிசம்பர் தொடக்கத்தில் மறைந்தது. அதன் இளம் வீரர் மோசஸ் மலோன் செயின்ட் லூயிஸ் ஸ்பிரிட்ஸ் அணிக்குச் சென்றார். 1974இல் கல்லூரிக்குச் செல்லாமல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர் இவர்.

ஏழு அணிகள் எஞ்சியதால் கிழக்கு, மேற்கு என்ற பிரிவுகள் நீக்கப்பட்டு, எல்லா அணிகளும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டன.

அணிகளின் நிலை

லாரி பிரவுன் பயிற்றுவித்த டென்வர் அணி 60 வெற்றி, 24 தோல்வியுடன் முதலிடம் பெற்றது. இரு சங்கங்களின் 1975ஆம் ஆண்டுத் தேர்விலும் முதலாவதாக அழைக்கப்பட்ட டேவிட் தாம்சன், என். பி. ஏ.வைத் தவிர்த்து இவ்வணியில் சேர்ந்து, சிறந்த புதுமுக வீரராகத் தெரிவானார். நியூ யார்க் நெட்ஸ் (55–29) இரண்டாமிடமும், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் (50–34) மூன்றாமிடமும் பெற்றன. கென்டகி (46–38), இந்தியானா பேசர்ஸ் (39–45), செயின்ட் லூயிஸ் (35–49) ஆகியன அடுத்து வந்தன. சராசரியாக ஆட்டத்துக்கு 29.3 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்ற நெட்ஸ் அணியின் ஜூலியஸ் எர்விங், பருவத்தின் மிகச் சிறந்த வீரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கடைசியிடம் வர்ஜீனியாவுக்கு உரியது (15–68). ஜூலியஸ் எர்விங், ஜார்ஜ் கெர்வின் ஆகிய இருவரும் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது இவ்வணியில்தான். கடனைச் சமாளிக்க எர்விங்கை 1973இல் நியூ யார்க்குக்கும், கெர்வினை 1974இல் சான் அன்டோனியோவுக்கும் விற்றுவிட்டது. 1976 மே மாதம் இவ்வணியும் கலைக்கப்பட்டது.

டென்வர் நட்சத்திர ஆட்டம்

அணிகள் குறைந்துவிட்டதால் வழக்கமான கிழக்கு–மேற்கு நட்சத்திர ஆட்டம் நடத்த இயலவில்லை. எனவே பட்டியலில் முதலிடத்தில் இருந்த டென்வர், பிற அணிகளின் சிறந்த வீரர்களைக் கொண்ட அணியை எதிர்கொண்டது. 1976 சனவரி 27 அன்று டென்வரின் மக்நிக்கல்ஸ் அரங்கில் நடைபெற்ற இவ்வாட்டத்தில் டென்வர் 144–138 என வென்றது. ஆட்டத்துக்கு முன்பு கிளென் கேம்பல், சார்லி ரிச் ஆகிய பாடகர்களின் இசை நிகழ்ச்சியும் இடம்பெற்றது. அரங்கை நிரப்புவதே நோக்கமாயிருந்தது.

ஆட்டத்தின் இடைவேளையில், குதித்தெழுந்து பந்தை வளையத்துக்குள் கையால் அழுத்தும் 'டங்க்' போட்டி நடத்தப்பட்டது. இத்தகைய போட்டி தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் நடைபெற்றது இதுவே முதன்முறையாகும். கெர்வின், லாரி கெனன், ஆர்டிஸ் கில்மோர், தாம்சன், எர்விங் ஆகிய ஐவர் பங்கேற்றனர். தாம்சன் அந்தரத்தில் முழுச்சுற்று சுழன்று பந்தை இட்டார். எர்விங் அரங்கின் மறுபுறத்திலிருந்து ஓடிவந்து, பலகையிலிருந்து 15 அடி தொலைவிலுள்ள தண்ட எறிக் கோட்டருகே தாவி, பந்தை வளையத்துக்குள் இட்டு வென்றார். என். பி. ஏ. தனது நட்சத்திர ஆட்ட விழாவில் இப்போட்டியை 1984இல் சேர்த்தபோது, அதுவும் இதே அரங்கிலேயே நடைபெற்றது. அவ்வாண்டு எர்விங் இறுதியில் லாரி நான்சிடம் தோற்றார்.

கோப்பைச் சுற்றுகள்

முதற்சுற்றில் கென்டகி இந்தியானாவை 2–1 என வென்றது. அரையிறுதிகள் இரண்டும் ஏழு ஆட்டங்கள் வரை நீண்டன. டென்வர் கென்டகியையும், நெட்ஸ் சான் அன்டோனியோவையும் வென்றன. சான் அன்டோனியோவின் ஜேம்ஸ் சைலஸ் முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்து விலக நேர்ந்தது அவ்வணிக்குப் பேரிழப்பாயிற்று.

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் டென்வரில் நடைபெற்றது. எர்விங் 45 புள்ளிகள் எடுத்ததுடன், கடைசி நொடியில் எறிந்த பந்தால் நெட்ஸ் 120–118 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அவர் 48 புள்ளிகள் எடுத்தும் டென்வரே வென்றது.

1976 மே 13 அன்று லாங் ஐலண்டிலுள்ள நாசோ அரங்கில் ஆறாவது ஆட்டம் நடைபெற்றது. தாம்சன் 42 புள்ளிகள் எடுத்தார். மூன்றாம் கால்பகுதியில் டென்வர் 22 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. ஏழாவது ஆட்டம் உறுதி என்று தோன்றிய நிலையில், நெட்ஸ் வீரர்கள் களம் முழுவதும் எதிரணியை நெருக்கிப் பிடித்து ஆடத் தொடங்கினர். அதுவரை எர்விங்கின் நிழலில் இருந்த ஜான் வில்லியம்சன் கடைசிக் கால்பகுதியில் புள்ளிகளைக் குவித்தார். நெட்ஸ் 112–106 என வென்றது. ஏ. பி. ஏ. வரலாற்றின் கடைசி ஆட்டமும் இதுவே.

இணைப்பும் அதன் விலையும்

ராபர்ட்சன் வழக்கு 1976 தொடக்கத்தில் சமரசமாக முடிந்தது. 1976 சூன் 17 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஹயானிஸ் நகரில் உடன்பாடு எட்டப்பட்டது. டென்வர், இந்தியானா, நியூ யார்க், சான் அன்டோனியோ ஆகிய நான்கு அணிகள் தலா 3.2 மில்லியன் டாலர் செலுத்தி என். பி. ஏ.வில் சேர்ந்தன. நெட்ஸ் அணி, நியூ யார்க் வட்டாரத்தில் ஏற்கனவே இருந்த நிக்ஸ் அணிக்கு 4.8 மில்லியன் டாலர் இழப்பீடும் தரவேண்டியிருந்தது. அப்பணச்சுமையால் எர்விங்கை ஃபிலடெல்ஃபியா 76அர்ஸ் அணிக்கு 3 மில்லியன் டாலருக்கு விற்றது. இரு கோப்பைகளைப் பெற்றுத் தந்த வீரர், அவ்வணிக்காக என். பி. ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

கென்டகியின் உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன் ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு அணியைக் கலைத்தார். செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள் வேறு வழியை நாடினர். அவர்கள் 2.2 மில்லியன் டாலருடன், சேர்ந்த நான்கு அணிகள் ஒவ்வொன்றின் தொலைக்காட்சி வருவாயிலும் ஏழில் ஒரு பங்கு காலவரையின்றிக் கிடைக்க ஒப்பந்தம் செய்தனர். அன்று தொலைக்காட்சி வருவாய் சிறிது. பின்னர் அது பன்மடங்காகப் பெருகியது. ஆடாத ஓர் அணிக்காக ஏறத்தாழ 300 மில்லியன் டாலர் பெற்ற பின், 2014இல் மேலும் 500 மில்லியன் டாலர் அளவிலான உடன்பாட்டின் பேரில் அவ்வுரிமையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர்.

கென்டகி, செயின்ட் லூயிஸ் வீரர்கள் தனித்தேர்வு ஒன்றின் மூலம் பிற அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டனர். கில்மோர் முதலாவதாக சிகாகோ புல்ஸ் அணியால் அழைக்கப்பட்டார். மூன்று புள்ளி விதியை என். பி. ஏ. 1979–80 பருவத்தில் ஏற்றது. சான் அன்டோனியோ 1999 முதல் 2014 வரை ஐந்து என். பி. ஏ. கோப்பைகளை வென்றது. 1976இல் 22 புள்ளி முன்னணியை இழந்த டென்வர் தனது முதல் கோப்பைக்கு 2023 வரை காத்திருந்தது.

என். பி. ஏ.வில் இடம் பெறாத ஏ. பி. ஏ. வீரர்கள் பலருக்கு ஓய்வூதியம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. முதுமையில் வறுமையுற்ற வீரர்களுக்காக நெடுங்காலம் கோரிக்கை எழுப்பப்பட்டு வந்தது. 2022 சூலையில் என். பி. ஏ.வும் அதன் வீரர் சங்கமும் இணைந்து, குறைந்தது மூன்று பருவங்கள் ஆடிய முன்னாள் ஏ. பி. ஏ. வீரர்களுக்காக 24.5 மில்லியன் டாலர் ஒதுக்கின. ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 3,828 டாலர் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.