அம்மாவுக்கு வந்தது மறதி நோய் இல்லை

கராமாவில் எனக்கு சனிக்கிழமை காலை என்றாலே அம்மாவுடன் வீடியோ கால்தான். போன வருஷம் ஒருநாள், "இன்னைக்கு ஸ்கூல் இல்லையாடா?" என்று கேட்டார். "வயசாச்சுல்ல, மறதிதான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு நாளில் நடை தடுமாறியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145.

அப்பா போன துக்கத்துக்கு மூன்று வாரம் முன்பு ஆரம்பித்த எஸ்சிடாலோபிராமும், பி.பி.க்காக ஏற்கெனவே சாப்பிட்டு வந்த நீர் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. இந்த வகை மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு உடம்பில் நீரைத் தேக்கிவிடும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முதல் சில வாரங்களில் ஆபத்து அதிகம். ரத்தத் தட்டணுக்களின் வேலையையும் இவை மட்டுப்படுத்தும். கூடவே ஆஸ்பிரினோ, மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபனோ சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

இதெல்லாம் அரிதுதான். மனச்சோர்வுக்கு மருந்து தேவைதான். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டரே மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், அம்மா தேறிவிட்டார்.

மாதாமாதம் பணம் அனுப்பிய நான், ஒரு டாக்டரின் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொல்லவே இல்லை. இப்போது அம்மாவின் மாத்திரைப் பட்டியல் என் போனில் இருக்கிறது. அடுத்த காலில் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "என்னென்ன மாத்திரை போடுறீங்க?" என்றும் கேளுங்கள். புதிய மாத்திரை என்றால், "சோடியம் பார்க்கணுமா டாக்டர்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.